ஈயம்: ஒரு பெயரும் அதன் கிளைகளும்

சரிந்த கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு செங்கல் தூண் வெளியே எழும் இடம், வீடு கட்டுவோருக்கு என்றும் கவலை தரும் இடம். கீழே எரியும் கணப்பின் புகையை வெளியேற்ற அந்தத் தூண் வேண்டும். மேலே பெய்யும் மழையை வழியவிட அந்தக் கூரை வேண்டும். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலும் மழை உள்ளே வந்துவிடும். சொல்லில் ஆர்வம் உள்ளவர்கள் இங்கே ஒரு கணம் நிற்கலாம். போகு என்னும் தன்வினை ஒற்று இரட்டித்துப் போக்கு என்று பிறவினையாகி, இகர விகுதி ஏற்றுப் புகைபோக்கி ஆயிற்று. ஒழுகு என்னும் வினையும் அதே இரட்டிப்பை ஏற்றுத்தான் ஒழுக்கு ஆயிற்று. புகையின் போக்கும் மழையின் ஒழுக்கும் இலக்கணத்தில் ஒரே அச்சில் வார்த்தவை. ஒழுகு என்பதோ நம் மொழியின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று: ஓட்டு வீட்டில் சொட்டுவதும் அதுதான், மாந்தர் நெறிப்பட நடப்பதும் அதுதான், தொல்காப்பியர் செய்யுளியலில் ஓசை தடையின்றிச் செல்வதற்கு ஒழுகு வண்ணம் என்று பெயரிட்டதும் அதனால்தான். வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே அதற்குக் கொடுத்தார். கூரை ஒழுகினால் குற்றம், மனிதர் ஒழுகினால் சிறப்பு, வினை ஒன்றே.

அந்த ஒழுக்கை அடைக்கக் குளிர்நாட்டார், குறிப்பாக இங்கிலாந்தினர், பல நூற்றாண்டுகளாக நம்பியிருக்கும் பொருளின் பெயரைத்தான் இக்கட்டுரை தொடர்ந்து செல்கிறது. அது ஈயம்.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். பெயரின் பொருள் வேலையில்தான் விளங்கும். புகைபோக்கி தனக்கென ஓர் அடித்தளத்தின் மேல் நிற்பது. கூரையோ மரச் சட்டங்களின் மேல் கிடப்பது. நெருப்பு எரியும்போது செங்கல் சூடேறி விரியும்; ஈரக்காற்றில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். இரண்டும் ஒரே கதியில் அசைவதில்லை. ஆகவே இடைவெளியில் சாந்தை அப்பினால் சில பருவங்களில் அது கீறல் விட்டுவிடும். தேவைப்படுவது இரு பக்கமும் இறுகப் பிடிக்காமல், ஒன்றன்மேல் ஒன்று தழுவி நிற்கும் தகடு. கூரையின் ஒவ்வொரு ஓட்டு வரிசைக்கு அடியிலும் ஒரு மடித்த ஈயத் துண்டு செருகப்படும். அதன் ஒரு கை ஓட்டின்கீழ்க் கிடக்கும், மறு கை தூணை ஒட்டி நிமிரும். பிறகு தூணின் செங்கல் வரிசைகளுக்கு இடையே உள்ள சாந்தை ஏறத்தாழ 25 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, இன்னொரு தகட்டின் விளிம்பை அந்தப் பிளவில் நுழைத்து, ஈயச் சுருளையே ஆப்பாக அடித்து இறுக்கி, மீதித் தகட்டைக் கீழே தொங்கவிட்டு முதல் தகட்டை மூடுவார்கள். தூண் அசைந்தால் மேல்தகடு அசையும், கூரை அசைந்தால் கீழ்த்தகடு அசையும். இரண்டுக்கும் நடுவே ஆணி கிடையாது. மழை மேல்தகட்டில் விழுந்து கீழ்த்தகட்டின் முதுகில் இறங்கி ஓட்டின்மேல் ஓடிவிடும்.

தூணின் பின்புறம், அதாவது கூரையின் மேல்பக்கம், நீர் வந்து மோதித் தேங்கும் இடம். அங்கே சிறிய வாய்க்கால்போல ஈயத்தை வளைத்து இடுவது இங்கிலாந்து முறை. அமெரிக்காவிலோ தூண் 30 அங்குலத்துக்கு மேல் அகன்றிருந்தால் நீரை இருபுறமும் பிரித்துவிடும் சிறு கூரையொன்றைக் கட்டவேண்டும் என்று கட்டட விதியே சொல்கிறது. அதைச் சேணம் என்று பொருள்படும் சொல்லால் அங்குள்ள தச்சர்கள் அழைக்கிறார்கள். முதுகில் இடப்படுவது என்பதால் பொருத்தமான பெயர்தான்.

இந்த வேலைக்கு ஈயமே ஏன்? கையில் ஒரு துண்டு எடுத்தால் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் நான்காம் எண் தகடு என்று விற்கப்படுவது 1.8 மி.மீ. தடிப்பு. ஒரு சதுர அடி இத்தனை பவுண்டு எடை என்பதுதான் அந்த எண்; நான்கு என்றால் சதுர அடிக்கு நான்கு பவுண்டு. இவ்வளவு கனமான தகடு வெறும் மரக்கட்டையால் தட்டத் தட்ட ஓட்டின் மேடு பள்ளங்களுக்கெல்லாம் படிந்து கொடுக்கும். மூலைக்கு வந்தால் வெட்டவே வேண்டாம். பொறுமையுள்ள கை அதை மெல்ல மெல்ல நகர்த்தி மூலையின் வடிவத்துக்கே கொண்டுவந்துவிடும். வெயிலில் அதிகம் விரியும் உலோகம் என்பதால் ஒரு துண்டை ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமாக விடமாட்டார்கள். விட்டால், விரியவும் சுருங்கவும் இடமின்றித் தானே களைத்துக் கிழியும்.

இந்த மென்மையை மனத்தில் வைத்துக்கொண்டு பெயரை உச்சரித்துப் பாருங்கள். ஈ, ய, ம். உயிர்நெடில் ஒன்று, இடையினம் ஒன்று, மெல்லினம் ஒன்று. இரும்பில் பு வந்து இடிக்கிறது. செம்பில் முன்னும் பின்னும் வல்லினம். பித்தளையிலும் தகரத்திலும் நா தட்டித்தான் நகரவேண்டும். ஈயத்தில் நாவுக்கு எந்த மோதலும் இல்லை. வெள்ளிக்கும் இந்தச் சலுகை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே ளகரச் சுழற்சியாவது இருக்கிறது. ஈயம் வாயில் கரைந்தே போகிறது. ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு தற்செயல் என்று மொழியியலார் சொல்வர். தற்செயலாகக் கிடைத்த அழகை அனுபவிப்பதற்கு அவர்கள் தடை சொல்லமாட்டார்கள்.

இந்தச் சொல்லின் வேர் எது? வடமொழியில் இவ்வுலோகத்துக்குச் சீசம் என்று பெயர். சொல்லின் முதலில் நிற்கும் சகர ஒலி தமிழில் உதிர்வது பழைய வழக்கம்: சபை அவை ஆயிற்று, சந்தி அந்தி ஆயிற்று, சமணர் அமணரும் ஆனார், ஆயிரத்துக்குப் பின்னால் சகசிரம் நிற்கிறது. சொல்லின் நடுவில் நிற்கும் சகரம் யகரமாக இளகுவதும் அவ்வாறே: தேசம் தேயம் ஆகிறது, ஆகாசம் ஆகாயம் ஆகிறது. இவ்விரு மாற்றங்களையும் அடுத்தடுத்துச் செய்தால் சீசம் ஈசமாகி ஈயமாகி வந்து நிற்கும். வேரைத் தமிழ் மண்ணிலேயே தேடுவோரும் உண்டு. என் மனம் முதற்கருத்தின் பக்கம் சாய்கிறது. ஒலிவழி அவ்வளவு சீராகப் பொருந்துகிறது. அப்படிச் சாய்வதில் தமிழுக்கு இழிவு ஒன்றும் இல்லை. கடன்பெற்ற சொல்லிலிருந்து வல்லோசை முழுவதையும் நீக்கி, பொருளின் இயல்புக்கே அதைக் குழைத்துக்கொண்டது தமிழ் நாவின் வேலை. மலையாளமும் ஈயம் என்றே சொல்கிறது.

பெயரின் உண்மையான செழிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஈயம் என்ற பெயரைத் தமிழர் ஓர் உலோகத்தோடு நிறுத்தவில்லை. கருமை என்னும் பண்புப்பெயர் ஈறு போய், ஆதி நீண்டு, கார் என நின்று ஈயத்தோடு சேர்ந்து காரீயம் ஆயிற்று. வெண்மை வெள் என நின்று, ஒற்று இரட்டி, வெள்ளீயம் ஆயிற்று. முன்னது புகைபோக்கியின் காலில் கிடக்கும் கனத்த உலோகம். பின்னது, வேதியியல் அறிந்தோர் கண்ணில் அதற்கு முற்றிலும் வேறான, எடை குறைந்த, வெள்ளி நிறம் மங்காத இன்னொரு தனிமம். முன்னது உருக 327 பாகை செல்சியசு வேண்டும். பின்னதுக்கு 232 போதும். இரண்டும் அடுப்புத் தீயிலேயே உருகும், இரண்டும் வளையும், இரண்டும் பற்றவைக்க உதவும்; எனவே ஒரே குடும்பத்தின் கரிய பிள்ளை, வெளுத்த பிள்ளை.

இப்படி நினைத்தவர்கள் நாம் மட்டும் அல்லர். இலத்தீன் மொழியில் பிளும்பம் என்பது ஈயம். கி.பி. 79இல் வெசுவியசு எரிமலை வெடித்தபோது உயிர் நீத்த பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில் கரிய பிளும்பம், வெள்ளைப் பிளும்பம் என்று இரண்டைப் பிரித்துச் சொல்கிறார். கரியது காரீயம், வெள்ளையானது வெள்ளீயம். வெவ்வேறு மொழி பேசிய இரு மக்கள், ஒரே உலோக இணையைக் கண்டு, ஒரே முறையில் நிற அடை கொடுத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். சொல்லாராய்ச்சியில் இதைவிட இன்பம் தரும் தருணம் எனக்குத் தெரிந்து குறைவு.

பிளினி அங்கேயே இன்னும் இரண்டு செய்திகளைத் தருகிறார். இந்தியாவில் வெண்கலமும் இல்லை, ஈயமும் இல்லை. தன் மணிகளையும் முத்துகளையும் கொடுத்து அவற்றை அந்நாடு பெற்றுக்கொள்கிறது என்பது ஒன்று. பிரித்தானியத் தீவில் ஈயம் நிலத்தின் மேல்தோலிலேயே கிடைப்பதால், ஓர் அளவுக்குமேல் எடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்பது மற்றொன்று. எரித்திரையக் கடல் வழிகாட்டி நூலும் முசிறிப் பக்கத்துத் துறைகளில் இறங்கிய பொருள்களில் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. கொற்கை முத்தும் கொங்குநாட்டு நீலப்பச்சைக் கல்லும் மேற்கே போன கப்பல்களில், திரும்பும்போது ஈயம் வந்தது. அந்தச் சரக்கைக் கரையில் நின்று எடை பார்த்தவர்களுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லும் பெயர்கள் கட்டாயம் தேவைப்பட்டிருக்கும். வெளுத்ததன் விலை கூடுதல்.

பிரித்தானியாவின் ஈய வளம் உரோமரோடு முடியவில்லை. பாத் நகரத்து உரோமக் குளத்தின் அடியில் அவர்கள் பதித்த ஈயத் தகடுகள் இன்றும் நீரைத் தாங்கிக் கிடக்கின்றன. அந்த ஈயம் அருகிலுள்ள மெண்டிப் குன்றுகளிலிருந்து வந்தது. தேவாலயக் கூரைகளுக்கும் அதே உலோகம்தான் ஏறிற்று. அதில் வேலைசெய்தவர் இலத்தீனில் பிளும்பாரியுசு. அவரே ஆங்கிலத்தில் பிளம்பர். இலண்டன் பிளம்பர்கள் கழகம் 1611இல் அரசரிடம் உரிமைப் பட்டயம் பெற்றபோது, பிளம்பர் என்றால் குழாய்க்காரர் மட்டும் அல்லர். கூரையில் ஈயம் வேய்பவரும் அவரே. நம் ஊர்க் குழாய்க்காரரைப் பிளம்பர் என்று அழைக்கும்போது, அவர் கையில் இன்று ஈயமே இல்லாவிட்டாலும், ஈயத்தின் பெயராலேயே அவரைக் கூப்பிடுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பிபி என்னும் தனிமக் குறியீடும் அதே சொல்லின் முதலும் நடுவும்தான். கொத்தனார் சுவரின் நேர் பார்க்கத் தொங்கவிடும் குண்டுக்கும் ஆங்கிலம் அந்தப் பெயரைத்தான் கொடுத்தது. தமிழோ அதைத் தூக்குக்குண்டு என்றது: உலோகத்தை விட்டுச் செயலைப் பிடித்துக்கொண்டது.

கூரைத் தகட்டுக்கு ஆங்கிலத்தார் வைத்த பெயர் பிளாசிங். பிளாசு என்றதும் மின்னலும் ஒளியும்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் இடைக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் குறித்தது நீர் மோதித் தெறிப்பதை. ஒளி பிறகு வந்த பொருள். தெறிக்கும் நீரிலிருந்து தகட்டின் பெயர் பிறந்தது என்று சொல்ல ஆசைதான். அகராதியார் அவ்வளவு உறுதி கூறவில்லை. புகைபோக்கியைக் குறிக்கும் சிம்னியின் வழி அதைவிடத் தெளிவு. கிரேக்கத்தில் உலையைக் குறித்த காமினோசு, இலத்தீனில் கமினுசு. கணப்புள்ள அறை கமினாத்தா. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது முதலில் அடுப்படியையே குறித்து, பின் புகை செல்லும் குழலுக்கு ஏறியது. அங்கிருந்து கப்பலேறி நம்மிடம் வந்து, மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக் கூண்டுக்குப் பெயராகி, அந்தக் கண்ணாடி இல்லாத சிறு விளக்கையும் சிம்னி விளக்கு என்றே அழைக்கவைத்தது. இன்று சமையலறையில் மின்சாரத்தால் புகையிழுக்கும் பெட்டியும் சிம்னிதான். உலை, அறை, குழல், கண்ணாடி, பெட்டி என்று ஒரு சொல் எத்தனை வீடு மாறியிருக்கிறது!

ஈயமும் தமிழ் வீடுகளில் அப்படித்தான் குடிமாறியது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசுவோர் தெருவில் வந்த காலத்தில், அவர்கள் பூசியது வெள்ளீயம். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு சுற்றுத் தேய்த்தால் உட்புறம் முழுதும் வெள்ளிபோல் மின்னிவிடும். அதன்பின் புளியும் மோரும் பித்தளையைத் தின்னாது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்னும் பழமொழியின் சுவையே இங்குதான்: தன்னைக் களிம்பிலிருந்து காப்பவனைப் பார்த்தா இளிப்பது? தஞ்சைப் பக்கத்து ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அதை அடுப்பில் ஏற்றுவார்கள். வெறும் சொம்பை ஏற்றினால் கண்ணெதிரே சரிந்துவிடும். இந்தச் சொம்பில்தான் அடைமொழியை உதிர்த்த பெயர் ஆபத்தாகிறது. ஈயம் என்று மட்டும் சொல்லி விற்பவரிடம், அது கரியதா வெளுத்ததா என்று கேட்காமல் வாங்கினால், காரீயம் கலந்த சொம்பில் புளி கொதித்து நஞ்சு இறங்கும். நம் முன்னோர் வைத்த அடைமொழிகள் வெறும் நிற அழகு அல்ல.

இரண்டையும் பிரிக்க ஒலியும் உதவும். வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் உள்ளே ஏதோ நொறுங்குவதுபோல ஒரு கிறீச்சொலி கேட்கும். அதன் படிகங்கள் இடம் மாறும் ஓசை அது. காரீயம் ஊமை. அதைத் தாளில் இழுத்தாலோ சாம்பல்நிறக் கோடு விழும். வெள்ளீயத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்தக் கோடுதான் பெயரை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோனது. இங்கிலாந்தின் பொரோடேல் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் கிடைத்த கரும்பொருள் தாளில் நன்றாக எழுதியதால் அதையும் ஒருவகை ஈயம் என்றே எண்ணினார்கள். அது கரி என்று வேதியியலார் சீலே 1779இல் காட்டினார். எழுதுதல் என்னும் கிரேக்க வினையிலிருந்து கனிமவியலார் வெர்னர் 1789இல் கிராபைட் என்று பெயரிட்டார். ஆயினும் பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் என்ற பேச்சு ஆங்கிலத்தில் போகவில்லை. தமிழிலும் காரீயம் அதற்குப் பெயராயிற்று. சிவகங்கையில் தோண்டுவதை நாம் கிராபைட் என்கிறோம். இலங்கைத் தமிழரோ போகலச் சுரங்கத்துப் பொருளைக் காரீயம் என்பர். நிறம், மென்மை, தாளில் விழும் கோடு ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் பெயரும் ஒத்துவந்துவிடுகிறது.

மூன்றாவது குடிமாற்றம் நம் பாட்டிமார் செய்தது. அலுமினியப் பாத்திரம் சந்தைக்கு வந்தபோது அதையும் ஈயப் பாத்திரம், ஈயச்சட்டி என்றே அழைத்தார்கள். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவிச் சென்றவர் கூடையில் விழுந்த ஈயம் பெரும்பாலும் நசுங்கிய அலுமினியம்தான். இலேசாக, வெளுப்பாக, எளிதில் நெளிவதாக இருந்தால் அது ஈயம். அவ்வளவே அவர்கள் கணக்கு. அமெரிக்கக் கூரைகளில் இன்று புகைபோக்கியை ஒட்டி இடுவது பெரும்பாலும் அலுமினியமோ துத்தநாகம் பூசிய எஃகோதான் என்பதால், பாட்டியின் அகராதிப்படி அங்கும் ஈயமே வேலைசெய்கிறது. ஆனால் ஈரச் சாந்தின் காரம் அலுமினியத்தை அரிக்கும். காரீயத்தின் பொறுமை அதற்கு இல்லை.

காரீயம் என்ற அடையிலும் ஒரு நுட்பம் உண்டு. புதிதாக வெட்டிய ஈயம் கருப்பே அல்ல. நீலம் பாய்ந்த வெள்ளையாகப் பளிச்சிடும். காற்றுப் பட்டதும் அந்த ஒளி மங்கிச் சாம்பல் படரும். மழை முதலில் பட்டால் வெண்ணிறத் திட்டுகள் இறங்கி ஓடுகளையெல்லாம் கறைப்படுத்தும்; அதைத் தவிர்க்கவே இங்கிலாந்துக் கூரைக்காரர்கள் வேலை முடிந்த அன்றே தகட்டின்மேல் ஓர் எண்ணெயைப் பூசிவிடுகிறார்கள். கார் என்று பெயரிட்டவர், வெட்டிய கணத்தைப் பார்த்துப் பெயரிடவில்லை; காற்றிலும் மழையிலும் கிடந்து அது நிலைகொண்ட நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்.

தமிழ்நாட்டில் புகைபோக்கி வைத்த கூரை என்றால் முதலில் நீலகிரிதான். கோவை ஆட்சியர் சல்லிவன் 1822இல் உதகையில் கட்டத் தொடங்கிய கல் மாளிகைக்குப் பின், அம்மலையில் எழுந்த பங்களாக்களில் கணப்பும் புகைபோக்கியும் இடம்பெற்றன. சமவெளித் தமிழரும் குளிர்காய்ந்தவர்களே. நெடுநல்வாடையில் தடவு என்னும் அகன்ற வாயுடைய கணப்புச்சட்டி வருகிறது. ஆனால் அது தூக்கிச் செல்லும் நெருப்பு; கூரையைத் துளைக்காதது. எனவே அந்தத் துளையை அடைக்கும் தகட்டுக்குப் பழைய பெயர் நம்மிடம் பிறக்கக் காரணம் இல்லை.

கூரையின் வேறோர் இடத்துக்கு மட்டும் பெயர் இருந்தது. ஓட்டு வீட்டில் இரண்டு சரிவுகள் சந்தித்து நீர் ஒன்றுகூடும் பள்ளத்தைக் கூடுவாய் என்பர். கூடும் வாய்: வினைத்தொகை. கால்வாயிலும் மடைவாயிலும் உள்ள அதே வாய். அங்கே ஓட்டுக்கு அடியில் தகரம் விரிப்பது வழக்கம். வெள்ளீயத்துக்கே மறுபெயராக இருந்த தகரம், அதைப் பூசிய இரும்புத் தகட்டுக்கு ஏறி, இன்று எந்த மெல்லிய தகட்டுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. உலோகத்தை மறந்து வடிவத்தைப் பிடித்துக்கொண்ட சொல் அது. கூரையும் தூணும் கூடும் விளிம்பும் ஒரு கூடுவாய்தானே? பிளாசிங்குக்குத் தமிழ் வேண்டுவோர் கூடுவாய்த் தகடு என்று சொல்லலாம் என்பது என் விருப்பம். உலோகத்தின் பெயரை முன்னே வைத்தால் காரீயக் கூடுவாய்த் தகடு, அலுமினியக் கூடுவாய்த் தகடு என்று பிரித்துச் சொல்லவும் முடியும். கூரைநீரைத் தொட்டியில் சேர்த்துக் குடிக்கும் வீட்டார் கடையில் கேட்கும்போது இந்தப் பிரிவை விடாமல் சொல்லவேண்டும். காரீயத்தின்மேல் ஓடிவந்த நீர் குடிக்க ஆகாது.